வருஷக் கணக்கு

எழுதுகிறவர்களுக்கு வருஷம் எப்போது பிறக்கிறது என்பதைப் பற்றி எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். பஞ்சாங்கத்தைக் கேட்டால் சித்திரை என்கிறது. வருமான வரிக்காரர்களைக் கேட்டால் ஏப்ரல் முதல் தேதி என்கிறார்கள். சுவரில் தொங்கும் காலண்டரோ ஜனவரி என்று சாதிக்கிறது. சிறுகதை எழுதுகிறவர்களைக் கேட்டால், அவர்கள் உண்மையைச் சொல்லும் பழக்கம் உடையவர்களாக இருந்தால், தீபாவளிக்கு மறுநாள் என்று சொல்லுவார்கள். ஆடி மாதத்தில் மலர் ஆசிரியர்களிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கும். ஆவணி முழுவதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதையை யோசிப்பதும், கதையை வைத்துவிட்டுப் பொங்கிய பாலைத் துடைப்பதுமாகக் கழியும். புரட்டாசியில் கதை போய்ச் சேரும். ஐப்பசியில் மலர் வரும். நம் கதையை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், படம் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு தடவை புரட்டிவிட்டு, தீபாவளி லேகியத்தோடு அதையும் அலமாரியில் ஏற்றிவிட்டால் வருஷம் முடிந்தது.

ஆனாலும் நான் கணக்குப் பார்ப்பது மார்கழியில்தான். காரணம் ஒன்றும் உயர்வானது அல்ல. மார்கழியில் கல்யாணம் கிடையாது. விருந்தாளிகள் குறைவு. மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் கையில் நிற்கும்.

அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் ஆரம்பித்த கதையின் பெயர். வலது பக்கம் அது என்ன ஆயிற்று என்ற விவரம். 2025-ஆம் வருஷத்துக் கணக்கு இது: ஆரம்பித்தவை 14. முடிந்தவை 8. அச்சானவை 6. வேண்டாம் என்று பதில் வந்தது 1. (அந்தப் பதில் வந்ததே பெரிய மரியாதை. தபால் தலை ஒட்டி வைத்து அனுப்பிய உறையில் கதை திரும்பி வந்த காலத்தில், கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் முகத்திலாவது அனுதாபம் தெரியும். மின்னஞ்சலில் அனுப்புவது போய்ச் சேர்ந்ததா, கிணற்றில் விழுந்ததா என்பதே தெரிவதில்லை.) இது தவிர, ஒரு வாரப் பத்திரிகையில் 26 வாரம் தொடர்கதை. வீட்டுக்கு உதவுவது அதுதான். ஆனால் அதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தினசரிச் சமையலை யாராவது பட்சணக் கணக்கில் சேர்ப்பார்களா? சிறுகதைக்கு வரும் சன்மானம் ஒரு மாதத்துப் பால் பாக்கியைத் தீர்க்கும். சில சமயம் தயிரையும் சேர்த்து.

எட்டில் ஆறும் ஒன்றும் போக, மிச்சம் ஒரு கதை இருக்கிறது. அதற்கு நேராக வலது பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கணக்கென்று எடுத்துவிட்டால், அடுத்த வீட்டுக் கணக்கை எட்டிப் பார்க்காமல் இருக்க மனசு வருமா?

செகாவ் 1886-ஆம் வருஷத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் எழுதினார். அப்போது அவருக்கு 26 வயது. வைத்தியமும் பார்த்துக்கொண்டு, கதையும் எழுதிக்கொண்டு, அந்த வருமானத்தில் ஒரு பெரிய குடும்பத்தையும் தாங்கிக்கொண்டிருந்தார். அந்த மார்ச்சு மாதத்தில் கிரிகரோவிச் என்னும் மூத்த எழுத்தாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்கு இருப்பது சாமானியத் திறமை அல்ல, அவசர அவசரமாக எழுதி அதை வீணாக்காதே, பசித்திருக்க நேர்ந்தாலும் சரி என்பது அதன் சாரம். செகாவ் உருகிப்போய்ப் பதில் எழுதினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக ஞாபகம் இல்லை என்றும், கிரிகரோவிச் மெச்சிய 'வேட்டைக்காரன்' கதையைக் குளிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியதாகவும் அதில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் இரண்டு வருஷத்துக்குள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. கிரிகரோவிச் சொன்னது நல்ல யோசனைதான். ஆனாலும் பசித்திருக்கச் சொல்கிறவர் அந்த வீட்டில் எத்தனை தட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நம் பக்கம் வந்தால், மணிக்கொடி 1933-இல் தொடங்கி, 1935-இல் பி. எஸ். ராமையாவின் கையில் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாறிற்று. அந்தக் கூட்டத்தில் இருந்த புதுமைப்பித்தன் 42 வயதுக்குள் சுமார் நூறு கதை எழுதிவிட்டுப் போய்விட்டார். அதே பத்திரிகையில் எழுதத் தொடங்கிய மௌனி 77 வயது வரை இருந்தார். இருபத்துச் சொச்சம் கதைகள்தான். ஆர். சூடாமணி ஐந்நூற்றுக்கு மேல் எழுதினார். இந்த மூவரில் யாரை யாரோடு நிறுக்க முடியும்? தராசே வேறு வேறு.

மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொன்னது பிரசித்தம். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கணக்குத்தான் ஞாபகம் வரும். கும்பகோணத்தில் இருக்கிற எங்களுக்குத் திருவாவடுதுறை பக்கத்து ஊர் மாதிரி. மாடு மேய்த்த மூலனின் உடம்பில் புகுந்த யோகி அங்கே அரசமரத்தடியில் உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் வருஷத்தில் மூவாயிரம் பாட்டுச் சொன்னார் என்று சேக்கிழார் சொல்கிறார். வருஷத்துக்கு ஒன்று; அதுவும் நாலே அடி! இதில் எனக்கு ஆச்சரியம் மூவாயிரம் வருஷம் அல்ல. பாட்டுப் பிறந்த நாள் போக மிச்சம் 364 நாளும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாரே, அதுதான்.

மே மாதத்தில் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைத் தொகுதி, தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், சர்வதேசப் புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 1990 முதல் 2023 வரை அவர் எழுதியவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த 12 கதைகள். செய்தியைப் பத்திரிகையில் படித்துச் சொன்னபோது என் மாமியார், "அந்தம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். வக்கீல் என்றேன்.

"அப்பச் சரி. ஊரு வழக்கெல்லாம் வீடு தேடி வந்திருக்கும். கதைக்குப் பஞ்சம் ஏது? நீ வீட்டுக்குள்ளேயே உக்காந்திருக்கே."

என் இந்த வருஷத்து எழுத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அத்தையைப் பற்றிப் பேசாமல் முடியாது. அத்தைக்கு 85 வயது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் என் கதைகளில் அவர் படிக்காதது ஒன்றும் இல்லை. பத்திரிகை வந்ததும் மூக்குக் கண்ணாடியைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, உதடு அசையப் படிப்பார். படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். நன்றாக இல்லாவிட்டால் பத்திரிகையைக் கூடத்தில் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவார். நன்றாக இருந்தால் அது அவர் தலையணைக்கு அடியில் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் எனக்குக் கிடைத்து வந்த விமரிசனம்.

சென்ற தை மாதத்திலிருந்து அத்தைக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் இருப்பது தெரிகிறது. நேரே பார்ப்பது தெரியவில்லை. வாசற்படியில் நிற்கிறவரின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. டாக்டர் வயதின் கோளாறு என்றார். எழுத்துப் படிப்பது அதோடு நின்றது. ஆகவே நான் வாசித்துக் காட்டலானேன். அச்சில் வந்த பிறகு வாசிப்பானேன், எழுதியவுடனே வாசித்தால் என்ன என்று தோன்றிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, ஒன்றரை மணிக்கு நான் காகிதங்களோடு உட்காருவேன். அத்தை சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை உரலை மடியில் வைத்துக்கொள்வார்.

அந்த உரலைப் போல ஒரு விமரிசகரை நான் பார்த்ததில்லை. கதை ஏதோ போகிறது என்றால் 'டொக்கு டொக்கு' என்று ஒரே சீராக இடிபடும். பிடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். ரொம்பப் பிடிக்காமல் போனால் உரலும் நின்று குறட்டை ஆரம்பிக்கும். இந்த இரண்டு நிசப்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. (இந்தக் கட்டுரையையும் வாசித்துக் காட்டினேன். திருமூலர் வரும் இடத்தில் குறட்டை.)

வாய்விட்டு வாசிப்பதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஒரு கதையில் சாயங்கால வெயிலைப் பற்றி எட்டு வரியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். வாசிக்கும்போது பாதியில் மூச்சு முட்டிவிட்டது. அத்தை உரலை நிறுத்தி, "தண்ணி குடிச்சுட்டு வாசியேன்" என்றார். அன்று ராத்திரி அந்த வெயிலை அஸ்தமிக்கச் செய்துவிட்டேன்.

வேறொரு கதை. கணவனோடு மனஸ்தாபம் கொண்டு ஒரு பெண் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தாய் வீட்டுக்கு வருகிறாள். தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம். நாலு பக்கம். உரல் சீராக இடிபட்டுக்கொண்டே இருந்தது. முடித்ததும் அத்தை, "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

"கதையில அது வரலை, அத்தை."

"ராத்திரி பஸ்ஸுல வந்து இறங்கின புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாம பெத்தவ நியாயம் பேசிக்கிட்டு நிக்கிறா. அவ நியாயத்தை நான் எதுக்குக் கேக்கணும்?"

மறுபடி எழுதினேன். தாய் ஒன்றும் பேசாமல் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, மோர் மிளகாயை வறுத்துப் போடுகிறாள். மகள் சாப்பிடுகிறாள். வாக்குவாதத்தில் மூன்று பக்கம் தேவையில்லாமல் போய்விட்டது. அந்தக் கதைக்கு இந்த வருஷம் வந்த கடிதங்கள் போல வேறு எதற்கும் வரவில்லை. எல்லாக் கடிதங்களும் மோர் மிளகாயைப் பற்றித்தான்.

இனி அந்த எட்டாவது கதை.

அத்தைக்கு முதலில் ஒரு பிள்ளை இருந்தான். 1964-இல், நாலு வயசில், தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டான். அதன் பிறகு இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின் 1973-இல் என் கணவர். போன பிள்ளையின் படம் ஒன்றும் வீட்டில் கிடையாது. பேச்சும் கிடையாது. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தையின் வாயால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டே அத்தையின் தங்கை சொன்ன ஐந்து நிமிஷச் சமாசாரம். ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி டவுனுக்குக் கொண்டுபோனார்கள்; விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்று நம் நாட்டில் திட்டம் வந்தது 1978-இல். நான் பிறந்த வருஷம் அது. நானும் என் பிள்ளைகளும் கையைக் காட்டி அழுதுவிட்டு மறந்துபோன ஓர் ஊசி, பதினான்கு வருஷம் தாமதித்து வந்திருக்கிறது.

இதை நான் கதையாக எழுதினேன். ஐப்பசி மழை. அரசலாற்றில் வெள்ளம். வண்டிக்காரன் மாட்டை இறக்க மாட்டேன் என்கிறான். அக்கரையில் டவுன் விளக்குகள் தெரிகின்றன. தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக் கூச்சல் போடுகிறாள். எழுதி முடித்தபோது நன்றாக வந்திருக்கிறது என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஏன் இப்படி நேர்ந்தது என்று படிக்கிறவர் கேட்டால் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். வெள்ளம் அதைக் கொடுத்தது.

ஆடியில் ஒரு மலர் ஆசிரியர் கதை கேட்டார். கதையோ தயாராக இருந்தது. ஆனால் அத்தைக்கு வாசிக்கவில்லை. பெயர்களை மாற்றியிருந்தேன், ஊரின் பெயரைச் சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டாவது பாராவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை அம்மாவுக்கு வாசிக்காதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அம்மாவுக்கு வாசிக்காமல் அச்சில் போடாதே" என்றார். கணவன்மார்கள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மலருக்கு வேறொரு கதையை அனுப்பினேன். புரட்டாசி போயிற்று; ஐப்பசி போயிற்று. ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் காகிதங்களை மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்; மேலே இருப்பதை வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். கார்த்திகையில் ஒரு நாள் மேலே வைக்க வேறு ஒன்றும் இல்லை. அத்தை, "கையில சலசலங்குதே, அதை வாசி" என்றார்.

வாசித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் உரல் நின்றுவிட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. குரல் ஒரே சீராகப் போகும்படி பார்த்துக்கொண்டேன். முடிந்த பிறகும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மழை பெய்யலை" என்றார் அத்தை.

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"சித்திரை மாசம். ஆத்துல சொட்டுத் தண்ணி கிடையாது. நிலா பகல் மாதிரி காயுது. வண்டி மணல்ல இறங்கி ஏறிடுச்சு. ஓர் இடத்துலயும் நிக்கலை. ஆஸ்பத்திரியில டாக்டரு இருந்தாரு. உடனே பார்த்தாரு. ஊசி போட்டாரு. எல்லாரும் எல்லாம் செஞ்சாங்க."

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "மழை மேல பழியைப் போடாதே" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம்தான். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடினால் திறப்பது ஜூன் 12-இல். நடுவில் எங்கள் பக்கத்து ஆறுகளில் மணலும் கோரையும்தான். கதையிலிருந்து மழையை எடுத்துவிட்டேன். எடுத்தவுடன் வெள்ளம் போயிற்று. வெள்ளத்தோடு வண்டிக்காரன் போனான். அக்கரை விளக்கு போயிற்று. தாயின் கூச்சலுக்கும் இடமில்லை. மிஞ்சியது ஒரு நிலா வெளிச்சம், தடையில்லாத பாதை, விழித்திருந்த ஒரு டாக்டர், செத்துப்போன ஒரு குழந்தை. இதை எப்படிக் கதையாக்குவது? பின் ஏன் என்று வாசகர் கேட்பார். அத்தை அதை 61 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும்.

"இதை அச்சுல போடலாமா, அத்தை?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"போடு. மழையை எடுத்துட்டுப் போடு" என்றார். உரலைக் கையில் எடுத்தவர், "பேரை மாத்திட்டே. மாத்தினது நல்லதுதான்" என்று சொல்லி, பிள்ளையின் உண்மைப் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அதற்கு அப்புறம் மத்தியானங்களில் நான் வாசிப்பது குறைந்துபோய், அத்தை சொல்வது அதிகமாகிவிட்டது. கோவையாக ஒன்றும் வராது. ஒரு நாள், வண்டிக்கு அடியில் கட்டியிருந்த லாந்தரை நிலா வெளிச்சத்தில் எதற்கு என்று அணைத்துவிட்டார்களாம். ஒரு நாள், பிள்ளை நுங்கு கேட்டானாம். தொண்டைக்கு ஆகாது, நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று சொன்னாராம். சில நாள் ஒன்றுமே வராது. உரல் மட்டும் இடிபடும். அத்தை கதைக்காகச் சொல்கிறாரா, கதையைச் சாக்காக வைத்துக்கொண்டு சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. விடுமுறை நாட்களில் என் கணவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அவருக்குத் தெரியும். அவன் இடது கைக்காரன் என்பதும், மாட்டுக்குப் பயப்படாமல் யானைக்குப் பயப்படுவான் என்பதும் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

கதை இப்போது நாலாவது தடவை எழுதப்படுகிறது. வண்டி இக்கரையில் மணலில் இறங்குகிற இடம் வரை வந்திருக்கிறேன். அங்கே நிற்கிறது. வண்டிப் பாட்டையில் பழகிய மாடுகள், நிலா, சுடாத மணல் — இதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதச் சரிப்படவில்லை. துறை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது பாலம் இருக்கிறது. அணை மூடி, மாசிக்குள் ஆறு வற்றிவிடும். அப்போது ஒரு நாள் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மணல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

"நானும் வரேன்" என்றார் அத்தை.

"அவ்வளவு தூரம் எதுக்கு அத்தை? வெயில் வேற."

"பார்க்கவா வரேன்? மணல்ல இறங்கினா காலுக்குத் தெரியும்."

ஆட்டோ சொல்லிவிடலாம் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். நோட்டில் அந்தக் கதைக்கு நேராக, வலது பக்கத்தில், 'மாசி' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.